மூளையால் இயங்குகிற கையா? சில வருஷமாக மயோஎலக்ட்ரிக் கை மாட்டியிருப்பவனின் அனுபவம்

"இது மூளையோட கனெக்ட் ஆகியிருக்கா சார்?" மின்சார ரயிலில் எதிர் சீட்டில் உட்காருகிறவர்கள்கூடக் கேட்டுவிடுகிறார்கள். இல்லைங்க. முழங்கைக்குக் கீழே மிச்சமிருக்கும் தசைகள் இறுகும்போது தோலில் எழும் சின்ன மின்சமிக்ஞையை சாக்கெட்டுக்குள் (மிச்சமிருக்கும் கையை நுழைக்கும் உறை) இருக்கும் இரண்டு எலக்ட்ரோடுகள் பிடிக்கின்றன. இல்லாத மணிக்கட்டை உள்பக்கம் மடக்க நினைத்தால் விரல்கள் மூடும், வெளிப்பக்கம் நினைத்தால் திறக்கும், இரண்டு தசையையும் ஒரே நேரத்தில் இறுக்கினால் பிடியின் வகை மாறும். இந்தக் கடைசி விஷயம் அவசரத்தில் இன்றைக்கும் சொதப்பும்.

ஆனால் சென்னையில் பெரிய பிரச்சினை வியர்வைதான். சித்திரை வெயிலில் பாரிமுனையில் கொஞ்ச தூரம் நடந்தாலே சாக்கெட்டுக்குள் ஈரம் சேர்ந்து எலக்ட்ரோடு நழுவும், நான் ஒன்றும் செய்யாமலேயே கை திறந்துகொள்ளும். அதனால் டீ கிளாஸ் எப்போதும் நல்ல கையில்தான். பையில் ஒரு பருத்தித் துண்டு இருக்கும், நிழலாகப் பார்த்துக் கழற்றித் துடைத்து, காற்றாட விட்டு மாட்டிக்கொள்வேன். அப்புறம் எடை. நிஜக் கையைவிட லேசுதான், ஆனால் எலும்போடு சேராமல் தோலைப் பிடித்துத் தொங்குவதால் சாயங்காலம் தோள்வரை இழுக்கும். தொடு உணர்ச்சியும் கிடையாது, எதைப் பிடித்தாலும் கண்ணால் பார்த்தே பிடிக்க வேண்டும்.

மூளை வழியையும் பார்த்துவிடலாம் என்று ஒரு கல்லூரி ஆய்வகத்தில், மூளையின் மின்சமிக்ஞையைத் தலைக்கு வெளியிலிருந்தே பதிவுசெய்யும் ஈஈஜி தொப்பி மாட்டிப் பார்த்தேன். தலைக்கு எண்ணெய் வைக்காமல் வரச் சொன்னார்கள், அம்மாவுக்கு அதுவே பெரிய குறை. மண்டையோட்டைத் தாண்டி வருவதற்குள் சமிக்ஞை மங்கிவிடுகிறது, கண் சிமிட்டினாலும் பல்லைக் கடித்தாலும் அதுவும் சேர்ந்து பதிவாகிறது. யாருடனும் பேசாமல் ஆடாமல் உட்கார்ந்து ஒரு கையை மூடித் திறப்பதில் எனக்கு என்ன லாபம்?

மூளைக்குள்ளேயே எலக்ட்ரோடைப் பொருத்துவது வேறு கதை. 2012இல் வெளியான, பிரெயின்கேட் என்ற அமெரிக்க ஆய்வில், பக்கவாதத்தால் கைகால் அசையாமல் போன ஒரு பெண், 96 எலக்ட்ரோடு கொண்ட ஒரு குட்டி சிப்பின் உதவியால் ரோபோ கையை நகர்த்தித் தானே காபி குடித்தார். 2016இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஒருவருக்கு ரோபோ விரலைத் தொட்டால் உணர்ச்சி தெரியும்படி மூளையைத் தூண்டினார்கள். ஈலான் மஸ்க்கின் நியூராலிங்க் நிறுவனம் 2024 ஜனவரியில் முதல் மனிதருக்குத் தன் மூளைச் சிப்பைப் பொருத்தியது, சில வாரங்களில் அதன் எலக்ட்ரோடு இழைகளில் சில மூளையிலிருந்து பின்வாங்கின. இவர்கள் எல்லோருக்கும் மூளையிலிருந்து கைக்குப் போகும் வழியே அடைபட்டிருந்தது. எனக்கு நரம்பு முழங்கை தாண்டியும் நன்றாக வேலை செய்கிறது, தசையே சமிக்ஞையைப் பெருக்கிக் கொடுக்கிறது, பிறகு எதற்கு மண்டையைத் துளைக்க வேண்டும்? தோளோடு கை போனவர்களுக்குக்கூட, அறுந்த நரம்பை மார்புத் தசைக்குத் திருப்பிவிட்டு அங்கிருந்து சமிக்ஞை எடுக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது.

வாங்க நினைப்பவர்கள் டிரயல் சாக்கெட்டை ஏசி அறையில் மாட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மதியம் ரங்கநாதன் தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வாருங்கள், அப்புறம் விலை பேசலாம். சர்வீஸ் சென்னையிலேயே உண்டா, பழுதானால் வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். என் கை ஒருமுறை அப்படிப் போய்விட்டு மாதக்கணக்கில் திரும்பி வரவில்லை.