வசுதாரா அருவி ட்ரெக்: ஏஜென்சி பேக்கேஜும் டீக்கடைல புடிச்ச கைடும்

பத்ரிநாத் போற நம்ம ஊர்க்காரங்க நிறைய பேரு பெருமாளை சேவிச்சிட்டு மானா கிராமம் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு, பீம் புல்ங்கற பாறைப் பாலத்துகிட்ட டீ குடிச்சு போட்டோ எடுத்துட்டு இறங்கிடுவாங்க. அங்கிருந்து மேல அஞ்சாறு கிலோமீட்டர் நடந்தா வசுதாரா அருவி. நாங்க செப்டம்பர் கடைசில அடுத்தடுத்து ரெண்டு நாள் அந்த வழில நடந்தோம், மொத நாள் ஏஜென்சி பேக்கேஜ்ல, ரெண்டாவது நாள் உள்ளூர் கைடோட. ரெண்டுக்கும் காசு குடுத்திருக்கேன், அதனால ரெண்டுக்கும் ரிவ்யூ எழுதுற உரிமை இருக்கு.

மொதல்ல ஏஜென்சி. பேர் போடல, அப்பாவோட ஆபீஸ் ஃப்ரெண்டு மூலமா வந்த ஆளு, போட்டா வீட்ல பஞ்சாயத்து வரும். ஹரித்வார்ல ஏறி திருப்பிரிதி (ஜோஷிமட்), பத்ரி ரெண்டு திவ்யதேசமும் சேவிச்சிட்டு வர்ற டூர், அதுல "வசுதாரா டே ட்ரெக்"னு தலைக்கு 2,800 ரூபா எக்ஸ்ட்ரா. வாட்ஸப்ல வந்த லிஸ்ட்ல கைடு, பேக்டு லஞ்ச், கைத்தடி, ஆக்ஸிஜன் கேன், காலைல ஆறு மணிக்கு பிக்கப்னு அஞ்சு ஐட்டம், அஞ்சுக்கும் பச்சை டிக் மார்க். நானும் மாமாவும் மட்டும் பேர் குடுத்தோம். மாமாவுக்கு 61, ஸ்ரீரங்கத்துல தினம் காலைல கொள்ளிடக் கரை வரைக்கும் நடக்கறவரு, அந்த தைரியம்.

பிளான்ல மொத தப்பே நாள் போட்டதுல. பத்ரிநாத்துக்கு நாங்க வேன்ல கிளம்பின பிபல்கோட்டி 1,260 மீட்டர்ல இருக்கு, பத்ரிநாத் 3,100 மீட்டர். ஒரே பகல்ல 1,800 மீட்டர் வேன்ல ஏத்திட்டு மறுநாள் காலைலயே இன்னும் மேல நடங்கன்னா உடம்பு எப்படி கேக்கும்? அருவி இருக்கற உயரம் 3,500 மீட்டருக்கும் மேல, அங்க நம்ம ஊர்ல கிடைக்கற ஆக்ஸிஜன்ல கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்குதான். ராத்திரி மாமாவுக்கு தலைவலி, எனக்கு தூக்கமே வரல, சும்மா படுத்திருந்தாலே மூச்சு வாங்குது. ஏஜென்சிகிட்ட கேட்டா "கற்பூரம் மோந்து பாருங்க மேடம்". கற்பூரத்தால ஆக்ஸிஜன் ஏறாதுங்க, வாசனைதான் வரும்.

ஆறு மணி பிக்கப் வேன் வந்தது 9:40க்கு. கைடுன்னு வந்தவன் வேன் கிளீனர் பையன், வேன்ல எங்க பெட்டியெல்லாம் ஏத்தி இறக்கினது அவன்தான், பாவம். அவனும் பீம் புல் தாண்டி வரல, கையை நீட்டி "சீதா சீதா" (நேரா நேரா)ன்னு வழியைக் காமிச்சிட்டு டீக்கடைல உக்காந்துட்டான். கைத்தடி ஒண்ணுதான் ரெண்டு பேருக்கு, அடில ரப்பர் கழண்டு போயி கல்லுல ஒவ்வொரு தடவை ஊனும்போதும் டங் டங்னு சத்தம், ஒரு கிலோமீட்டர்ல எனக்கு அந்த சத்தத்துலயே தலைவலி வந்துருச்சு. மாமா சிரிச்சிக்கிட்டே, "கோல் ஊனற வயசு வர்றதுக்கு முன்னாடியே வதரி போயிடுங்கடான்னு ஆழ்வார் பாடி வெச்சாரு, நான்தாம்மா லேட்டா வந்துட்டேன்"னாரு. லஞ்ச்னு பூரி, ஃபாயிலைப் பிரிச்சா குளிர்ல விறைச்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டி அட்டை மாதிரி இருக்கு. ஆக்ஸிஜன் கேன் வேன்லயே இருக்காம்.

இந்தப் பள்ளத்தாக்குல காலைல வானம் கண்ணாடி மாதிரி இருக்கும், மதியம் ஆக ஆக கீழேர்ந்து மேகம் ஏறி காத்தும் சேர்ந்துக்கும், இது மலைல எங்கயும் நடக்கறதுதான், அதுக்குத்தான் விடிகாலைல கிளம்புங்கறாங்க. பத்தரைக்கு நடக்க ஆரம்பிச்ச எங்களுக்கு ஒரு மணிக்கெல்லாம் எதிர்ல இருக்கற பாறையே தெரியல, பொடி மழை வேற. திரும்பி வந்தவங்க அருவிக்கு இன்னும் ஒன்றரை கிலோமீட்டர்னு சொன்னாங்க. மாமா ஒரு கல்லுல உக்காந்து ஷூ லேஸ் கட்டறேன்னு குனிஞ்சவரு நிமிர ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டாரு, அதைப் பாத்ததும் "மாமா, போதும், எறங்கலாம்"னேன். ஒத்தை வார்த்தை எதிர்த்துப் பேசல, அதுவே எனக்கு பயமா இருந்துச்சு.

பீம் புல்லுக்கு வந்து உக்காந்தோம். சரஸ்வதி ஆறு பாறை இடுக்குலேர்ந்து பீறிட்டு வர்ற சத்தத்துல பக்கத்துல இருக்கறவங்க பேசறதே கேக்காது, திரௌபதி தாண்டறதுக்காக பீமன் அந்தப் பெரிய பாறையைத் தூக்கி குறுக்க போட்டான்னு கதை. அங்க டீக்கடைக்காரம்மாகிட்ட என்னோட அரைகுறை ஹிந்தில புலம்பினேன். அந்தம்மா என்னைப் பாத்து, மாமாவைப் பாத்து, "கல் சுபே, நாளைக்கு காலைல ஆறு மணிக்கு வாங்க, எங்க பக்கத்து வீட்டுப் பையன் வருவான், 1,500 ரூபா"ன்னு முடிச்சிருச்சு. ரெண்டு பேருக்கும் சேத்துதான் 1,500. ஏஜென்சிக்கு ரெண்டு பேருக்கு 5,600 குடுத்திருக்கேன்னு நெனச்சதும் வயிறு எரிஞ்சுது.

மறுநாள் 6:15க்கு கிளம்பினோம், பளிச்சுனு வெயில். பையனுக்கு இருபத்தஞ்சு வயசு இருக்கும், மானாவுல பிறந்து வளந்தவன், போட்டியாங்கற (Bhotia) மலைவாழ் மக்கள் குடும்பம். அவன் செஞ்ச மொத வேலை எங்க பையைத் தூக்கிப் பாத்து ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டில் ஒண்ணை எடுத்து கடைலயே வெச்சது, வழில ஊத்து இருக்கு நான் காட்டறேன்னுட்டான். நான் மட்டும் குளோரின் மாத்திரை போட்டுத்தான் குடிச்சேன், நீங்களும் அப்படியே பண்ணுங்க. அப்புறம் கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு, கோயில் பிரகாரம் சுத்தற மாதிரி சின்னச் சின்ன அடியா நடக்க ஆரம்பிச்சான். மாமா வேகம் எடுத்தா "பாபுஜி, ஆராம்ஸே", மெதுவாங்கறான். நடக்கும்போது பேச முடியலன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தமாம், அதுக்காகவே ஏதாச்சும் கேள்வி கேட்டுக்கிட்டே வந்தான், ஸ்ரீரங்கத்துல பனி பெய்யுமா, கடல் எவ்ளோ தூரம், இப்படி. மாமா மொத்தக் காவிரி கதையும் தமிழ்லயே சொல்லி முடிச்சாரு, அவனும் தலையாட்டிக்கிட்டே வந்தான்.

வழி பத்தி சொல்லணும்னா, ஆரம்பத்துல கல் பாவின பாதை, இடது பக்கம் கீழ அலக்நந்தா. பாதி வரைக்கும் பெரிய ஏத்தம் இல்ல. அதுக்கப்புறம் செங்குத்தா இல்லாட்டியும் உருண்டைக் கல்லு, சரிவு, கால் பிரளுற மாதிரி இடங்க, செருப்பு போட்டுட்டு வந்த ஒரு குடும்பம் எங்க கண்ணு முன்னாடியே பாதில திரும்பிச்சு. நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. பீம் புல் தாண்டினா கடை கிடையாது, எங்க ரெண்டு பேர் போன்லயும் சிக்னல் போயிருச்சு. லேடீஸ்க்கு: டாய்லெட்டும் கிடையாது, மானாவுலயே போயிட்டு கிளம்புங்க, இதை அந்த 2,800 ரூபா லிஸ்ட்ல யாரும் எழுத மாட்டாங்க.

ஒன்பதரைக்கு அருவி. 400 அடின்னு சொல்றாங்க, ஆனா கீழ நின்னு பாத்தா உயரம் தோணல, தண்ணி விழறதே வேற மாதிரி. மேல பாறை விளிம்புல கயிறு மாதிரி கிளம்புது, பாதி வர்றதுக்குள்ள காத்து அதைப் புடிச்சு உதறி வெள்ளைத் துணி காயப்போட்ட மாதிரி அப்படியும் இப்படியும் ஆட்டுது, குத்தாலம் மாதிரி தலைல தொம்முனு விழும்னு எதிர்பாத்துப் போனா ஏமாந்துருவீங்க. பாவம் பண்ணவங்க மேல இந்தத் தண்ணி ஒரு சொட்டு கூட விழாதுன்னு நம்பிக்கை. மாமா போய் நின்னாரு, காத்து அந்தப் பக்கம் திரும்பிருச்சு. அஞ்சு நிமிஷம் நின்னாரு, ஒண்ணும் இல்ல. மூஞ்சி சுருங்கிப் போச்சு மனுஷனுக்கு. பையன் மெதுவா வந்து அவர் தோளைப் புடிச்சு நாலடி இடது பக்கம் நகத்தி நிக்க வெச்சான், அடுத்த காத்துல கண்ணாடி, மீசை, மங்கி கேப் எல்லாம் நனைஞ்சு "ரங்கா ரங்கா"ன்னு கத்தினாரு. 1,500 ரூபாய்ல 500 அந்த நாலடிக்கே குடுக்கலாம்.

சாப்பாடு அவன் கொண்டு வந்ததுதான். தோலோட அவிச்ச உருளைக்கிழங்கு, பச்சமிளகா பூண்டு கொத்தமல்லி வெச்சு அம்மில அரைச்ச உப்பு, பிஸ்யூ லூண்னு சொல்றாங்க. வெதுவெதுப்பான கிழங்கை உடைச்சு அதுல ஒத்தி வாயில போட்டா அந்தக் குளிருக்கு காது வரைக்கும் ஏறுது. கீழ வந்ததும் டீக்கடைக்காரம்மாகிட்ட ஒரு பொட்டலம் வாங்கிட்டு வந்தேன், வீட்ல தயிர் சாதத்துக்கு தொட்டுக்கறோம்.

பதினொரு மணிக்கு மேகம் தலை காட்டினதும் எந்திரிங்கன்னுட்டான், இன்னும் பத்து நிமிஷம்னு கேட்டேன், சிரிச்சான், ஆனா உக்காரல. ஒண்ணரைக்கு பீம் புல்.

ஏஜென்சிக்கு அஞ்சுல ஒண்ணு, அதுவும் அந்த வேன் டிரைவருக்காக, லாம்பகட் நிலச்சரிவு இடத்துல மனுஷன் அவ்ளோ பதனமா ஓட்டினாரு. கைடுக்கு அஞ்சு. ஒரு விஷயம் நியாயமா சொல்லிடறேன், மொத நாள் பாழாப்போனதாலதான் எங்களுக்கு பத்ரிநாத்ல இன்னொரு ராத்திரி கிடைச்சு உடம்பு அந்த உயரத்துக்குப் பழகிச்சு, ரெண்டாவது நாள் மாமா நல்லா நடந்ததுக்கு பாதி காரணம் அது. அதனால நீங்களே பிளான் பண்ணும்போது ஒரு நாள் சும்மா மானா வரைக்கும் போயிட்டு வாங்க, வியாச குகை கணேச குகை எல்லாம் பாருங்க, அடுத்த நாள் அருவி. பிபி, ஹார்ட் பிரச்சினை இருக்கறவங்க கிளம்பறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க. தலைவலி ஜாஸ்தியாகி வாந்தியும் வந்தா மேல போகாதீங்க, எறங்கறதுதான் மருந்து. சார்தாம் யாத்திரை ரெஜிஸ்ட்ரேஷன் முன்னாடியே ஆன்லைன்ல போட்டுடுங்க. ஜூலை ஆகஸ்ட் வேண்டாம், ரோடே இருக்காது. மே, ஜூன்ல போனா அருவிகிட்ட பாதை மேலயே பனி கிடக்கும், கைடு இல்லாம அதுல காலை வைக்காதீங்க.

கைடு நம்பர் கேட்டு மெசேஜ் பண்ணாதீங்க, தர மாட்டேன், அது அந்தப் பையனோட நம்பர். மானாவுல எந்த டீக்கடைல கேட்டாலும் ஆள் சொல்லுவாங்க, ஆனா நவம்பர்ல கோயில் நடை சாத்தினதும் ஊரே காலி பண்ணிட்டு கீழ எறங்கிடும், அதுக்குள்ள போங்க. ஏஜென்சிக்காரரு நேத்து வாட்ஸப்ல "மேடம், ஃபைவ் ஸ்டார் ரேட்டிங் ப்ளீஸ்"னு அனுப்பியிருக்காரு, பக்கத்துல அதே பச்சை டிக் மார்க்.