ஏலகிரியில் ஒரு டன் பெல்லட்: ஐந்து குளிர்காலம் சேமித்துப் பார்த்த அனுபவம்

மூட்டையைப் பிரித்துக் கையை விட்டால் பெல்லட் (மரத்தூள் மாதிரியானதை அழுத்திச் செய்யும் சின்னச் சின்ன எரிபொருள் துண்டு) சலசலவென்று சரிய வேண்டும். 2021 நவம்பரில் ஒருநாள் காலை அப்படி விட்டேன். புட்டு மாவுக்குள் விட்ட மாதிரி கை புதைந்தது. கீழே பாலாற்றில் வெள்ளம் புரண்டு ஓடிக்கொண்டிருந்த வாரம் அது. மேலே எங்கள் கொட்டகையில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. கூரைத் தகரம் புதிது, தரை சிமென்ட். ஆனாலும் 14 மூட்டை வீணாகிப் போயிருந்தது. மழை உள்ளே வராவிட்டால் போதும் என்று நினைத்திருந்தேன். ஈரக் காற்று வந்தாலே போதும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நாங்கள் வேலூர்க்காரர்கள். இவர் ஓய்வு பெற்றதும் 2019இல் சத்துவாச்சாரி வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, அத்தையையும் அழைத்துக்கொண்டு ஏலகிரி அத்தனாவூர் பக்கம் வந்துவிட்டோம். அந்த ஆண்டுக் கடைசியிலேயே வேலூர் மாவட்டத்தைப் பிரித்தார்கள். மலை திருப்பத்தூரோடு போனது. அத்தைக்கு மட்டும் இன்றைக்கும் இது வடாற்காடு ஜில்லாதான். வீட்டில் நாங்கள் மூன்று பேர், மாடியில் விருந்தினருக்கு விடுகிற அறைகள் இரண்டு. உயரம் சுமார் 1,100 மீட்டர். தை மாத விடியலில் முற்றத்து வெப்பமானி 12, 13 டிகிரி காட்டும். வெளிநாட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். வேலூர் வெயிலில் 70 வருஷம் காய்ந்த மூட்டுகளுக்கு அது போதும்.

அதனால் வாங்கியதுதான் பெல்லட்டில் ஓடும் வெந்நீர் பாய்லர். 200 லிட்டர் தொட்டி, கீழே சின்ன விசிறி வைத்த எரிகலன், பக்கத்தில் பெல்லட் கொட்டும் பெட்டி. அத்தை அறையின் சுவரை ஒட்டி வெளிப்புறம் வைத்திருக்கிறோம். காலையும் மாலையும் எரியும்போது அந்தச் சுவர் வெதுவெதுப்பாகிவிடும். அத்தை கட்டிலை அந்தச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார். தண்ணீர் காய்ச்சத்தான் வாங்கினோம். அவரைப் பொறுத்தவரை அது கணப்புச் சட்டி.

சோலார் ஏன் வைக்கவில்லை என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். கார்த்திகையில் இங்கே ஒரு வாரம் வந்து தங்கிப் பாருங்கள், மேகம் பதில் சொல்லும். விறகுக்கும் வழி கம்மி. சுற்றிலும் காப்புக்காடு, கை வைக்க முடியாது. கீழிருந்து வாங்கும் விறகு பாதி நாள் பச்சையாகத்தான் வரும்.

எங்களுக்கு வருவது பெரும்பாலும் மல்லாட்டைத் தோலும் (நிலக்கடலைத் தோல்) மரத்தூளும் கலந்த பெல்லட். தூளை அச்சுக்குள் அழுத்தும்போது ஏறும் சூட்டில் மரத்திலேயே இருக்கும் லிக்னின் இளகிப் பசையாகிறது, ஆறினதும் இறுகுகிறது. நல்ல பெல்லட்டில் தனியாகப் பசை தேவையில்லை. அதனால்தான் தண்ணீர் பட்டால் பழையபடி தூளாகிவிடுகிறது. வாங்கும்போது நான் பார்ப்பது மூன்று விஷயம். மேல்தோல் பளபளவென்று இருக்க வேண்டும், ஒடித்தால் ‘டக்’ என்று முறிய வேண்டும், ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டால் மூழ்க வேண்டும். மிதந்தால் சரியாக அழுத்தாத சரக்கு. லாரிக்காரர் முன்னால் டம்ளரோடு நிற்பதற்கு முதல் வருஷம் கூச்சமாக இருந்தது. இப்போது அவரே டம்ளர் கேட்கிறார்.

எவ்வளவு வேண்டும் என்ற கணக்கு சுலபம். அறைகள் காலியாக இருந்தால் நாளுக்கு 5 கிலோ, நிறைந்திருந்தால் 10, 11 கிலோ. கார்த்திகை தொடங்கி மாசி பாதி வரை சராசரி 9 கிலோ என்று வைத்தால் ஏறக்குறைய ஒரு டன். ஒரு கன மீட்டருக்கு 650 கிலோ பிடிக்கும் என்பதால் ஒரு டன்னுக்கு ஒன்றரை கன மீட்டர், அதாவது இரண்டு பீரோ நிற்கும் இடம் போதும். இடம் ஒரு பிரச்சினையே இல்லை. ஏற்றிக்கொண்டு வருவதுதான் பிரச்சினை. குட்டி யானையில் முக்கால் டன்னுக்கு மேல் ஏற்றினால் பொன்னேரியிலிருந்து வரும் 14 கொண்டை ஊசி வளைவில் வண்டி திணறும், ஆகவே இரண்டு நடை. அந்த வளைவுகளுக்குப் புலவர்கள் பெயரும் கடையெழு வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். மயிலுக்குக் குளிருமே என்று போர்வை கொடுத்த பேகன் பெயரிலும் ஒரு வளைவு உண்டு. இவர் ஒவ்வொரு முறையும் அதைக் கடக்கும்போது, “நாமும் குளிருக்குத்தான் கொண்டுபோகிறோம்” என்பார்.

முதல் குளிர்காலம், 2020இல், வாரத்துக்கு மூன்று மூட்டை வாங்கிச் சமாளித்தோம். ஒரு குறையும் தெரியவில்லை. சேமிக்காததால் கெடவில்லை என்பது அப்போது புரியவில்லை. அடுத்த வருஷம் துணிச்சலாக 40 மூட்டை, 25 கிலோ மேனி, ஐப்பசி முதல் வாரம் இறக்கினோம். நெய்த பிளாஸ்டிக் மூட்டை, உள்ளே பாலித்தீன் பை இல்லை. சுவரோடு சாய்த்து, சிமென்ட் தரையிலேயே அடுக்கினோம். அதற்குப் பிறகு மூன்று வாரம் விடாத மழை. தரையிலிருந்த மூட்டை தரை ஈரத்தை உறிஞ்சியது, சுவரோரத்தில் இருந்தது சுவர் ஈரத்தை. நடுவில் இருந்தவை பிழைத்தன. கெட்டதை எரிக்க முயன்றோம். வெறும் புகை. தூள் காற்றுத் துளைகளை அடைத்துத் தீ மூச்சுத் திணறியது. கடைசியில் பலாமரத்தடியில் கொட்டினோம். 350 கிலோ.

என் அக்கா மகன் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் பக்கம், சொந்த வீட்டில் இருக்கிறான். அங்கே பெல்லட் என்றால் வீடு முழுக்கச் சூடாக்குவது. அவன் வீட்டுக்கு ஒரு குளிர்காலத்துக்கு 5 டன். நிலவறையில் அதற்கென்றே ஓர் அறை. கோடையில் விலை இறங்கும்போது டேங்கர் லாரி வந்து, குழாய் வைத்துக் காற்றோடு உள்ளே ஊதிவிட்டுப் போகும். பெல்லட் போய் மோதி உடையாமல் இருக்க எதிர்ச் சுவரில் ரப்பர் பாய் தொங்கும், அடியில் இரண்டு பக்கமும் சரிவாகப் பலகை. வீடியோவில் காட்டினான். எனக்குப் பொறாமைதான். அவனுக்கு வெளியே உறைபனி, நிலவறையில் வறண்ட காற்று. எங்களுக்குக் குளிரும் ஈரமும் சேர்ந்தே வருகின்றன.

அவனைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்டது மூன்றாம் வருஷம். கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, 1,000 லிட்டர், பழையது ஒன்றை வாங்கினோம். மேல் மூடி வழியாகக் கொட்டுவது, அடியில் ஓட்டை போட்டு எடுப்பது. சின்ன அளவில் ஜெர்மன் ஏற்பாடு என்று இவருக்குப் பெருமை. 600 கிலோ போட்டு மூடினோம். மார்கழியில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் முழுக்க வேர்வை! பகல் வெயிலில் கறுப்புத் தொட்டி சூடேறி உள்காற்று ஈரத்தை ஏந்திக்கொள்கிறது. இரவில் குளிர்ந்ததும் மூடியில் பனித்துச் சொட்டுகிறது. மேலே ஒரு சாண் ஆழம் ஊறிக் கூழ். அடி ஓட்டையிலோ பெல்லட் ஒன்றோடொன்று முட்டிப் பாலம் கட்டிக்கொண்டு இறங்கவே இல்லை.

இவர் மூடி வழியாகத் தலையை விட்டுக் கழியால் குத்தப் போனார். நான் அக்கா மகனோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தேன். அவன் கத்திவிட்டான்: “சித்தி, சித்தப்பாவை வெளியே வரச் சொல்லுங்க முதல்ல!” அப்புறம்தான் விளக்கினான். மூடிய இடத்தில் பெல்லட்டைக் குவித்து வைத்தால் மரத்திலுள்ள கொழுப்பு அமிலங்கள் மெல்ல ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடு வெளிவிடும், வாசனையே இருக்காது. ஐரோப்பாவில் சேமிப்பு அறைக்குள் இறங்கியவர்கள் இறந்திருக்கிறார்கள். அதனால் அங்கே அறைக்குக் காற்றுப்போக்கி வைக்கிறார்கள், உள்ளே போகுமுன் கதவைத் திறந்து காற்றோட விடுகிறார்கள். எங்கள் 600 கிலோ அவ்வளவு ஆபத்தா, தெரிந்துகொள்ளும் ஆசை எனக்கில்லை. தொட்டி இப்போது மழைநீர் பிடிக்கிறது.

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அத்தை ஒருநாள் கேட்டார், “ஏம்மா, கேவுரு கொட்டி வைக்கிற மாதிரி வைக்க மாட்டீங்களா?” அவர் ஆரணிப் பக்கம். அவர் பிறந்த வீட்டுத் தொம்பை, அதாவது கேழ்வரகு கொட்டி வைக்கும் குதிர், கல் மேல் நிற்கும், அடியில் கோழி புகுந்து போகும் உயரம். சுவரில் படாது. மழைக்கு முன் நல்ல வெயிலில் காயவைத்துச் சூடு ஆறியதும் கொட்டி மூடினால், எடுக்கும் நாளில்தான் திறப்பது. தினமும் திறந்து பார்க்கும் வழக்கமே இல்லை. இவ்வளவு செலவழித்த பிறகு அவர் இதைச் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் கோபம். முன்பே கேட்டிருந்தால் சொல்லியிருப்பாராம்.

நான்காம் வருஷத்திலிருந்து அதுதான் முறை. ஆலைக்காரரிடம் கிலோவுக்கு 50 பைசா கூடக் கொடுத்து உள்ளே பாலித்தீன் பை போட்டு, வாயை இறுக்கிக் கட்டித் தரச் சொல்கிறேன். ஹாலோ பிளாக் கல் மேல் பலகை, அதன் மேல் மூட்டை. சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. ஆறு மூட்டைக்கு மேல் அடுக்குவதில்லை. ஏற்றினால் அடி மூட்டை நொறுங்கித் தூளாகும். மேலே தார்ப்பாய், ஆனால் தரை வரை இழுத்துச் சுற்றாமல் பக்கங்களைத் திறந்து விட்டு. தரையில் கல் நிற்கும் இடத்தில் கறையான் ஏறுகிறதா என்று வாரம் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்க்கிறோம். கறையானை விட எலி மோசம். எலிக்கு பெல்லட் தேவையில்லை, பையைக் கடித்து ஓட்டை போடுவதே அதற்குச் சந்தோஷம்; ஓட்டை விழுந்தால் அந்த மூட்டை முதலில் எரிய வேண்டியதுதான். ஈரத்தை இழுக்கச் சுட்ட சுண்ணாம்பு மூட்டை வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். வேண்டவே வேண்டாம். சுண்ணாம்பு நனைந்தால் கொதிக்கும், அதை எரிபொருளின் பக்கத்தில் வைப்பதா?

300 ரூபாய்க்கு ஓர் ஈரப்பத மீட்டர் வாங்கி மாட்டியிருக்கிறேன். 80க்கு மேல் நாலைந்து நாள் நின்றால், பிரித்து வைத்த பெல்லட்டின் பளபளப்பு போய்விடுகிறது. அதனால் எடுப்பது ஒரு மூட்டை. அதுவும் மூடி போட்ட தகர டின்னுக்குள், பாய்லர் பக்கத்துச் சூட்டிலே. பாய்லர் பெட்டியில் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கொட்டுவேன், மணல் சலிக்கும் சல்லடையில் சலித்துவிட்டு.

2024 டிசம்பர் முதல் நாள் ஃபெஞ்சல் புயல் மழை இந்தப் பக்கம் கொட்டியபோது மீட்டர் 94இல் நின்றது. மறுவாரம் ஒவ்வொரு மூட்டையாகக் கை விட்டுப் பார்த்தேன். 38 மூட்டையில் எலி கடித்த ஒன்று மட்டும் கெட்டது. ஆனால் புயலின்போது ஒன்றரை நாள் கரண்ட் இல்லை. டன் கணக்கில் காய்ந்த பெல்லட் இருந்தும் விசிறி ஓடாததால் பாய்லர் எரியவில்லை! பழைய வெந்நீர்த் தவலையை இறக்கி விறகில்தான் காய்ச்சினோம். இன்வெர்ட்டரில் விசிறிக்குத் தனி இணைப்பு கொடுத்தது அதற்குப் பிறகு. வாங்கும்போதே யாராவது சொல்லியிருக்கலாம்.

சாம்பல் அடுத்த தொல்லை. ஜெர்மனியில் முதல் தர மரப் பெல்லட்டில் 0.7 சதவீதத்துக்கு மேல் சாம்பல் இருக்கக் கூடாது. மல்லாட்டைத் தோலில் மண்ணும் சேர்ந்தே வருவதால் எங்களுக்கு அதைப் போலப் பல மடங்கு. தினம் ஒரு முறம் அள்ளுகிறேன். அதிகச் சூட்டில் மண் உருகிக் கருங்கல் மாதிரி கட்டி பிடித்துக்கொள்கிறது, உளி வைத்துத்தான் எடுக்க வேண்டும். மரத்தூள் கூடுதலாகக் கலந்த சரக்கில் இது குறைவு.

செலவு: 2020இல் கிலோ 8 ரூபாய் கொடுத்தேன், போன வருஷம் 11. அனல்மின் நிலையங்கள் நிலக்கரியோடு 5 சதவீதம் பெல்லட் கலக்க வேண்டும் என்று மத்திய மின்துறை 2021 அக்டோபரில் சொன்ன பிறகு, ஆலைக்காரருக்கு எங்களைப் போன்ற ஒரு டன் ஆட்கள் முக்கியமில்லை. 9 கிலோவுக்கு 99 ரூபாய். அதே வேலையை கீசர் செய்தால் 18, 20 யூனிட் ஆகும். மேல் அடுக்கு மின்கட்டணத்தில் அதைவிடக் கூடுதல்தான். கெட்டுப்போன 350 கிலோவையும் தொட்டியையும் கணக்கில் சேர்த்தால் முதல் மூன்று வருஷம் எனக்கு நஷ்டம். வேலூரிலோ காட்பாடியிலோ இருப்பவர்கள் இதில் இறங்க வேண்டாம், ஒரு கீசர் போதும். மலையில் இருந்து, மூட்டை வைக்கக் காய்ந்த இடமும் சாம்பல் அள்ளப் பொறுமையும் இருந்தால் வாங்கலாம்.

இந்த வருஷச் சரக்குக்கு ஆவணியிலேயே முன்பணம் கொடுத்துவிட்டோம். புரட்டாசி வெயில் இருக்கும்போதே இரண்டு நடையும் இறங்க வேண்டும். போன வருஷ மிச்சம் மூன்று மூட்டை இருக்கிறது, அதை முன்னால் இழுத்து வைத்திருக்கிறேன். அத்தை அதில் ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இன்னும் சத்தம் கேக்குது, நல்லாத்தான் இருக்கு” என்றார்.