மெலடோனினா, சளி சிரப்பா, தூக்க மாத்திரையா?

தூக்கம் வரவில்லை என்றதும் கைக்குக் கிடைப்பவை மூன்று: டாக்டர் எழுதித்தரும் தூக்க மாத்திரை, மயக்கம் தரும் அலர்ஜி மருந்து (பல சளி சிரப்புகளில் இருப்பது இதுதான்), மெலடோனின். மூன்றின் வேலையும் வேறு வேறு.

சோல்பிடெம் போன்ற மாத்திரைகள் மூளையை நேரடியாக அமர்த்துபவை. வேகம் அதிகம், பாதிப்பும் உண்டு. மறுநாள் காலையிலும் மருந்து ரத்தத்தில் தங்குவதால், பெண்களுக்கான அளவைப் பாதியாக்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2013-இல் சொன்னது. தூக்கத்திலேயே எழுந்து நடப்பது, வண்டி ஓட்டுவது பற்றிய கடும் எச்சரிக்கை 2019-இல் வந்தது. பிள்ளைகளுக்கு இந்தப் பேச்சே வேண்டாம்.

இரவுப் பேருந்தில் குழந்தை அழாமலிருக்க ஒரு மூடி சளி சிரப் கொடுப்பவர்கள் நம்மிடையே உண்டு. என் கணக்கில் மூன்றிலும் மோசமான வழி இதுதான். சில பிள்ளைகள் தூங்குவதற்குப் பதில் இன்னும் துள்ளுவார்கள். மயக்கம் தரும் அலர்ஜி மருந்து வகையைச் சேர்ந்த புரோமெதசின் இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு மூச்சையே அடக்கிவிடலாம். அதே வகையான டைஃபென்ஹைட்ரமின் முதியவர்களுக்குக் குழப்பத்தையும் சிறுநீர் அடைப்பையும் தரும். தடுமாறி விழவும் வைக்கும்.

மெலடோனின் அடித்துப் போட்டாற்போல் தூங்க வைக்காது. இருட்டிவிட்டது என்று உடலுக்குச் சொல்லும் ஹார்மோன் அது. அதனால் விமானப் பயணத்தில் நேரம் புரண்டவருக்கும், இரவு 2 மணிக்கு முன் கண் மூடாத கல்லூரிப் பையனுக்கும் உதவும். கடன் கவலையில் புரள்பவருக்குப் பெரிதாக எதுவும் நடக்காது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் பார்த்தபோது, தூக்கம் சராசரியாக 7 நிமிடம்தான் முன்னதாக வந்தது. அளவைக் கூட்டினால் பலன் அதே கணக்கில் கூடாது. பலருக்கு அரை முதல் 3 மில்லிகிராமே போதும். பின்தங்கிய உடல் கடிகாரத்தை முன்னே இழுக்க வேண்டுமானால், படுக்கும்போது அல்ல, சில மணி நேரம் முன்பே எடுக்க வேண்டும். வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து), ஃப்ளூவோக்சமின் (மனநல மருந்து) எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனக்குறைவும் மிகைத்துடிப்பும்) உள்ள பிள்ளைகளுக்கு மெலடோனின் பயன்படுவதற்கு ஆதாரம் இருக்கிறது. மற்ற பிள்ளைகளுக்கு, குழந்தை மருத்துவர் சொன்னால், குறைந்த அளவில், கொஞ்ச நாள் மட்டும். பல வருடம் கொடுத்தால் பூப்பெய்தும் பருவத்தில் என்ன ஆகும் என்பதற்குப் போதிய ஆய்வு இல்லை.

அப்புறம், மிட்டாய் வடிவ மெலடோனின். பிரிட்டனில் மெலடோனினுக்கு மருந்துச்சீட்டு வேண்டும். அமெரிக்காவில் சத்து மாத்திரைபோல யாரும் வாங்கலாம். அங்கே 2023-இல் சோதித்த 25 வகை மிட்டாய்களில் 22-இன் லேபிள் தவறு. ஒன்றில் மெலடோனினே இல்லை! பிள்ளைகள் எடுத்து விழுங்கிவிட்டதாக அந்நாட்டு நச்சு மையங்களுக்கு வந்த தகவல்கள் 2012-இல் சுமார் 8,300. 2021-இல் 52,000-க்கும் மேல். வீட்டில் இருந்தால் பூட்டி வையுங்கள்.

நாள்பட்ட தூக்கமின்மையில் பெரியவர்களுக்கு இந்த மூன்றுக்கும் முன்னால் நான் வைப்பது சிபிடி-ஐ என்ற பழக்க மாற்றச் சிகிச்சை. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பும் 2016 முதல் அதைத்தான் முதலில் சொல்கிறது. குறட்டை விட்டு, மூச்சு நின்று நின்று தூங்கும் பிள்ளைக்கு எந்த மருந்தும் வேண்டாம்; டான்சிலையும் அடினாய்டையும் பார்க்கக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.