காளத்தியா, மசூலிப்பட்டினமா?

நகரி, புத்தூர் பக்கம் துணிப் பைத்தியம் பிடித்தவர்களிடையே ஓயாத வழக்கு இது: துண்டுகளாய் வெட்டித் தைத்தோ முழுதாகவோ சுவரில் மாட்டும் துணி ஓவியத்துக்கு எந்த ஊர்க் கலம்காரி (ஆந்திரச் சாய ஓவியத் துணி)?

காளத்தியில் (ஸ்ரீகாளஹஸ்தி) முழுக்கக் கைவரைவு. கடுக்காயும் பாலும் கலந்த கரைசலில் காடாத் துணியை நனைத்துக் காயவைக்கிறார்கள். பாலின் கொழுப்பால் மை பரவாது. புளியங்குச்சிக் கரியால் உருவம், பிறகு ‘கலம்’ எனும் மூங்கில் பேனாவால் கோடு. கறுப்பு மை என்பது இரும்புத் துண்டும் வெல்லமும் ஊறிப் புளித்த நீர்தான். கடுக்காய் ஏறிய துணியில் பட்டால்தான் அது நன்றாகக் கறுக்கும். 2008-இல் பத்மஸ்ரீ பெற்ற குரப்ப செட்டி இந்த மரபில் வந்தவர். இராமாயணக் காட்சி நிறைந்த துணியில் கத்தரி வைக்க எனக்கு மனம் வராது. சட்டமிட்டு அப்படியே மாட்டிவிடுவேன்.

மசூலிப்பட்டினத் (மச்சிலிப்பட்டினம்) துணி மர அச்சு வேலை. பக்கத்துப் பெடனாவிலும் செய்கிறார்கள். பாரசீகச் சாயலில் பூவும் கொடியும் திரும்பத் திரும்ப வரும். உருவங்களை வெட்டி வேறு துணிமேல் வைத்துத் தைக்கும் ஒட்டுத்தையலுக்கு இதுவே தோது, விலையும் குறைவு. தையல் பழகுகிறவர்கள் தயங்காமல் இதை வெட்டலாம்.

காளத்தி என்று சொல்லி விற்பதில் கோடுகளைப் பாருங்கள். எல்லாம் ஒரே கனத்தில் இருந்தால் கைவரைவா என்று சந்தேகப்படுங்கள்.