அதிகத் திறன் ஆன்டெனா டியூனர்: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

ஆன்டெனா காட்டும் எதிர்ப்பை, அனுப்பும் கருவி எதிர்பார்க்கும் 50 ஓமுக்கு மாற்றித் தருவது ஆன்டெனா டியூனரின் வேலை. சிக்னலின் திறனைப் பெருக்கும் லீனியர் ஆம்ப்ளிஃபையருக்கும் (சுருக்கமாக லீனியர்) ஆன்டெனாவுக்கும் இடையே பல ஆண்டுகளாக நான் வைத்திருக்கும் டியூனர் கையால் திருப்பி இயக்கும் வகையைச் சேர்ந்தது. தொடரில் இரண்டு காற்றிடை மாறு மின்தேக்கிகள், அவற்றின் நடுப்புள்ளியிலிருந்து தரைக்கு இறங்கும் ஒரு ரோலர் இண்டக்டர் (உருளும் சக்கரத்தால் மதிப்பை மாற்றும் சுருள்), முன்பலகையில் இரட்டை ஊசி மீட்டர், பின்புறம் ஒரு 4:1 பாலன் (இரு கம்பி லைனை டியூனரோடு இணைக்கும் மின்மாற்றி) என்று அமெச்சூர் வானொலிக்காரர்கள் மூடியைத் திறந்ததும் அடையாளம் கண்டுகொள்ளும் 'டி' வடிவச் சுற்று அது. விளம்பரத்திலும் கையேட்டிலும் கிலோவாட்டில் ஒரு பெரிய எண் இருக்கும். இத்தனை காலப் பழக்கத்துக்குப் பின் அந்த எண்ணை நான் பெரிதாக மதிப்பதில்லை. எந்த ஆன்டெனாவை, எந்த அலைவரிசையில் பொருத்தச் சொல்கிறோம் என்று தெரியாமல் அதற்குப் பொருளே கிடையாது. அதே பெட்டி 14 மெகா ஹெர்ட்ஸில் ஆயிரம் வாட்டை அலட்டிக்கொள்ளாமல் தாங்கும், 1.8 மெகா ஹெர்ட்ஸில் முந்நூறு வாட்டுக்கே பொறி பறக்கும்.

இதற்கான காரணம் எளிய கணக்கில் அடங்கியிருக்கிறது. 50 ஓம் சுமையில் 1000 வாட் என்பது ஏறத்தாழ 224 வோல்ட், 4.5 ஆம்பியர், எந்தப் பாகத்துக்கும் இதில் சிரமம் இல்லை. சுமை 2000 ஓம் ஆனால் வோல்டேஜ் 1414 ஆகிறது, அதன் உச்சம் 2000 வோல்ட். எல்லோரும் அஞ்சுவது இந்த நிலைக்குத்தான். ஆனால் என் அனுபவத்தில் அதிகம் தொல்லை தந்தது இதற்கு நேர் எதிரான நிலை. தாழ்ந்த அலைவரிசையில் ஆன்டெனா குட்டையாக இருந்து, டியூனருக்குத் தெரியும் சுமை 10 ஓம் மட்டுமே என்று வைத்துக்கொள்வோம். 1000 வாட்டுக்கு அதில் 10 ஆம்பியர் ஓட வேண்டும். வெளிப்பக்க மின்தேக்கியை 250 பைக்கோ ஃபாரடில் வைத்திருந்தால் 1.8 மெகா ஹெர்ட்ஸில் அதன் ரியாக்டன்ஸ், அதாவது மாறு மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, சுமார் 354 ஓம். பத்து ஆம்பியரை அதன் வழியே செலுத்தினால் அதன் குறுக்கே 3540 வோல்ட், உச்சத்தில் 5000 வோல்ட். 4500 வோல்ட் தாங்கும் என்று குறிக்கப்பட்ட மின்தேக்கியில் அந்த இடத்தில் ஆர்க் (காற்றைத் தாண்டும் மின்பொறி) அடிப்பதற்குக் கருவியைக் குறை சொல்ல முடியாது. அதே மின்தேக்கியை 500 பைக்கோ ஃபாரடுக்குத் திருப்பி, மற்ற இரண்டையும் அதற்கேற்ப மாற்றிப் பொருத்தினால் உச்ச வோல்டேஜ் பாதியாகிவிடுகிறது.

'டி' சுற்றின் வசதியும் வம்பும் இதுவே. பொருத்தம் எவ்வளவு பிசகியிருக்கிறது என்று காட்டும் விகிதம் எஸ்டபிள்யூஆர்; 1:1 என்றால் முழுப் பொருத்தம். ஒரே சுமைக்கு அது 1:1 காட்டும் நிலைகள் பல உண்டு. மீட்டரைப் பார்த்து அவற்றில் எது நல்லது என்று சொல்ல முடியாது. மேலே சொன்ன 10 ஓம் சுமையையே எடுத்துக்கொண்டு, சுருளின் க்யூ மதிப்பை (இழப்பு குறையக் குறைய உயரும் எண்) 200 என்று கொண்டு கணக்கிட்டால், 500 பைக்கோ ஃபாரட் நிலையில் சுருள் ஏறத்தாழ 11 மைக்ரோ ஹென்றியில் நிற்கும், அதில் வெப்பமாகப் போவது சுமார் 127 வாட். 250 பைக்கோ ஃபாரட் நிலையில் சுருள் 22 மைக்ரோ ஹென்றியை நெருங்கும், இழப்பு 255 வாட். அதாவது அனுப்பும் திறனில் கால் பங்கு பெட்டிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. மீட்டர் ஊசிகளோ இரண்டு நிலைகளிலும் ஒரே இடத்தில் நின்று எல்லாம் சரி என்கின்றன. ஆகவே மின்தேக்கிகளில் முடிந்த அளவு அதிக மதிப்பு, சுருளில் முடிந்த அளவு குறைந்த இண்டக்டன்ஸ் என்பதை மாற்ற முடியாத விதியாக வைத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒன்றைக் கடைப்பிடித்தாலே பராமரிப்பு வேலையில் பாதி குறைந்துவிடும்.

டியூன் செய்யும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லீனியரை ஸ்டாண்ட்பையில் வைத்து, மின்தேக்கிகளை அவற்றின் அதிகபட்ச மதிப்பில் பாதிக்கு மேல் நிறுத்தி, ரிசீவரில் இரைச்சல் உச்சத்தை எட்டும் வரை சுருளைத் திருப்ப வேண்டும். அதன்பின் பத்து இருபது வாட் கேரியரில் (பேச்சு ஏற்றாத வெறும் அலையில்) நுணுக்கமாகச் சரிசெய்துகொள்ளலாம். மீட்டரில் இருக்கும் டயோடுகள் மிகக் குறைந்த திறனில் திரும்பி வரும் அலையைச் சரியாகக் காட்டுவதில்லை; ஊசி பூஜ்யத்தில் படுத்துவிட்டது என்று நம்பி லீனியரைப் போட்டால் 1.5:1 எழுந்து நிற்கும். எனவே நடுத்தரத் திறனில் ஒருமுறை பார்த்துவிட்டு மேலே போவது நல்லது. முழுத் திறன் ஓடும்போது ரோலரைத் தொடவே கூடாது. சக்கரம் ஒரு சுற்றிலிருந்து அடுத்ததற்கு நகரும் கணத்தில் தொடுமுனை எழும்பினால் சுருளின் வெள்ளிப் பூச்சில் கருகிய புள்ளி விழும், பிறகு ஒவ்வொரு முறை அந்த இடத்தைக் கடக்கும்போதும் ஊசி துடிக்கும்.

ஆர்க் அடிப்பதை ஒருமுறை பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அதன் ஒலி மறக்காது. 3.5 மெகா ஹெர்ட்ஸுக்கு வெட்டிய டைபோலை (நடுவில் இணைப்புள்ள கம்பி ஆன்டெனாவை) 1.8 மெகா ஹெர்ட்ஸில் ஏற்றும் முயற்சியின்போது எனக்கு அது வாய்த்தது. ரெசிஸ்டன்ஸ் சிறிது, ரியாக்டன்ஸ் பெரிது என்ற மோசமான கலவை அது. பேச்சின் உச்சங்களில் மட்டும் சரசரவென்று ஒரு சத்தம், திரும்பி வரும் திறனைக் காட்டும் ஊசியில் ஒரு துள்ளல், உடனே லீனியரின் பாதுகாப்புச் சுற்று தன்னை அணைத்துக்கொண்டது. அறை விளக்கை அணைத்துவிட்டுக் குறைந்த திறனில் மீண்டும் பார்த்தபோது காற்றோட்டத் துளைகள் வழியே வெளிப்பக்க மின்தேக்கியின் ஒரு மூலையில் நீலப் பொறி தெரிந்தது. மறுநாள் மூடியைத் திறந்ததும் காரணம் விளங்கியது. சுழலும் தகடுகளில் ஒன்றின் ஓரத்தில் ஊசி முனை அளவில் இரண்டு குழிகள், அவற்றைச் சுற்றி உருகி எழும்பிய அலுமினிய விளிம்பு, எதிர்த் தகட்டில் சாம்பல் நிறக் கறை. குழியைவிட அந்த விளிம்புதான் ஆபத்தானது. கூர்மையான முனையில் மின்புலம் குவிவதால், அடுத்த முறை அங்கேயே, முன்பைவிடக் குறைந்த வோல்டேஜில் பொறி பறக்கும். மெல்லிய அரத்தால் அதை நீக்கி, மிக நயமான உப்புத்தாளால் வழவழப்பாக்கி, அலுமினியத் துகள்களை ஊதி வெளியேற்றி, தகடுகளின் இடைவெளி இருபுறமும் சமமாக இருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்த பிறகே மூட வேண்டும். சமமான புலத்தில் உலர்ந்த காற்று மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 3000 வோல்ட் தாங்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. தூசி, ஈரம், தகடுகளுக்கு நடுவே சிலந்தி இழுத்த ஒற்றை நூல் ஆகியவை அந்தக் கணக்கில் வருவதில்லை.

அதிகக் கவனம் கேட்கும் பாகம் ரோலர் இண்டக்டர்தான். சுருளின் மேல் உருளும் சக்கரம், அந்தச் சக்கரம் நகரும் தண்டு, தண்டின் முனையை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் என்று மின்னோட்டம் பல தொடுமுனைகளைத் தாண்டித்தான் போக வேண்டும். செம்பில் மின்னோட்டம் ஊடுருவும் ஆழம் 1.8 மெகா ஹெர்ட்ஸில் சுமார் 49 மைக்ரான், 28 மெகா ஹெர்ட்ஸில் 12 மைக்ரானைச் சற்றே தாண்டும். அதாவது மின்னோட்டம் மேற்பரப்பிலேயே ஓடுகிறது. தொடுமுனைகளில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்தால் பாதிப்பு உடனே தெரியும். கைப்பிடியைத் திருப்பும்போது ஊசி வழுக்கிக்கொண்டு நகராமல் விட்டுவிட்டுத் துடித்தால் சுத்தம் செய்யும் காலம் வந்துவிட்டது என்று பொருள். நார் உதிராத துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்துச் சுருளைச் சுற்றுச் சுற்றாகத் துடைக்கிறேன். தண்டுக்கும் முனை ஸ்பிரிங்குக்கும் மட்டும் தொடுமுனைத் திரவத்தில் ஒரு சொட்டு. வெள்ளிப் பூச்சின் மேல் உப்புத்தாள் படவே கூடாது. கருத்துப்போன வெள்ளி பார்வைக்கு அழகில்லை என்றாலும், சக்கரம் ஓடும் தடம் தானாகவே பளபளப்பாக இருக்கிறது. மற்ற இடங்களில் உள்ள கருமையை நான் அப்படியே விட்டுவிடுகிறேன். கிரீஸ் தாங்கிகளுக்கு மட்டும்தான். சுருளில் கிரீஸ் தடவினால் திருப்புவதற்கு மிருதுவாக இருக்கும், பிறகு அதுவே தூசியைப் பிடித்துத் தேய்ப்புப் பசையாக மாறும். ஒரே அலைவரிசையில் மாதக்கணக்கில் நிற்கும் டியூனரை அவ்வப்போது திறன் இல்லாமல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை திருப்பி எடுப்பதும் பயன் தருகிறது.

என் மனக்குறை சுற்று எண்ணியைப் பற்றியது. சுருள் எத்தனை சுற்று திரும்பியிருக்கிறது என்று காட்டும் அந்த எண்கள் ஒரு மெல்லிய பெல்ட்டால் ஓடுகின்றன. பெல்ட் தளர்ந்தால் எண்கள் மெல்ல நழுவும். ஒவ்வோர் அலைவரிசைக்கும் மூன்று கைப்பிடிகளின் நிலையையும் குறிப்பேட்டில் எழுதி வைத்திருப்பவனுக்கு இதைவிட எரிச்சல் வேறில்லை. சுருளை முனை வரை கொண்டுபோய் எண்ணி பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்ப்பது இப்போது பழக்கமாகிவிட்டது. இவ்வளவு விலையுள்ள கருவியில் பற்சக்கரம் வைத்திருக்கலாம்.

உள்ளே வரும் பாலனைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 4:1 வோல்டேஜ் பாலன் தனக்கு ஏற்ற சுமையில் ஒழுங்காக வேலை செய்யும். பல அலைவரிசை ஆன்டெனாவில் சுமை அப்படி அமைவது அபூர்வம். உயர்ந்த இம்பிடன்ஸும் (மொத்த எதிர்ப்பும்) ரியாக்டன்ஸும் சேர்ந்து வந்தால் அதன் வளையம் சூடேறும். இதை அறிய வெப்பமானி தேவையில்லை: கைப்பிடி எதையும் தொடாமலே, கேரியர் ஓடும்போது எஸ்டபிள்யூஆர் மெல்ல மேலேறினால் ஏதோ ஒன்று சூடாகிக்கொண்டிருக்கிறது. பரவலாகப் பயன்படும் 43 வகை ஃபெரைட்டின் கியூரி வெப்பநிலை 130 டிகிரி செல்சியஸை ஒட்டியது. அதைத் தாண்டினால் வளையம் தன் காந்தத் தன்மையை இழந்து, பாலன் வெறும் கம்பியாகிவிடும். பேச்சில் இது எளிதில் வெளிப்படாது. எஃப்டி8 போன்ற டிஜிட்டல் முறைகளில், நாம் அனுப்பும் ஒவ்வொரு 15 விநாடி முறையிலும் 12.64 விநாடி முழுத் திறன் இடைவிடாமல் ஓடுவதால், எஸ்எஸ்பி என்னும் பேச்சு முறையில் ஆயிரம் வாட் தாங்கிய அமைப்பை அங்கே முந்நூறு நானூறு வாட்டோடு நிறுத்திக்கொள்கிறேன். உள் பாலனின் இணைப்பைக் கழற்றிவிட்டு, வெளியே தடித்த ஃபெரைட் வளையங்களில் சுற்றிய 1:1 கரண்ட் பாலனைப் பயன்படுத்தத் தொடங்கியதிலிருந்து இந்தப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது.

டியூனர் செய்யாத ஒன்றையும் சொல்ல வேண்டும். அது லீனியருக்கு 50 ஓம் காட்டுகிறது, அவ்வளவே. டியூனருக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே உள்ள கேபிளில் எஸ்டபிள்யூஆர் பழையபடியேதான் இருக்கும். நீண்ட கோஆக்சியல் கேபிளில் 10:1 ஓடினால் இழப்பு கேபிளில் நடக்கும், டியூனர் அதைத் தடுக்காது. ஏணிபோல் இரண்டு இணைக்கம்பிகளால் ஆன லேடர் லைனில் அந்த இழப்பு மிகக் குறைவு என்பதால் பல அலைவரிசை டைபோலுக்கு அதுவே பொருத்தம். ஆனால் அங்கேயும் லைனின் நீளத்தைக் கவனிக்க வேண்டும். 3.5 மெகா ஹெர்ட்ஸ் டைபோல் 7 மெகா ஹெர்ட்ஸில் முழு அலை நீளமாகி, நடுவில் ஆயிரக்கணக்கான ஓம் காட்டும். லைன் அரை அலை நீளமாக அமைந்துவிட்டால் அதே மதிப்பு டியூனர் வாயில் வந்து நிற்கும். ஏறத்தாழ ஐந்து மீட்டர் லேடர் லைனைச் சேர்த்தால் 7 மெகா ஹெர்ட்ஸில் அது எட்டில் ஒரு பங்கு அலை நீளம். டியூனர் காணும் இம்பிடன்ஸ் முற்றிலும் மாறிவிடும். கைப்பிடிகளோடு மல்லுக்கட்டுவதைவிட இந்தத் துண்டு லைன் எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

28 மெகா ஹெர்ட்ஸில் பெரிய டியூனர்கள் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். பெரிய மின்தேக்கிகளின் குறைந்தபட்ச மதிப்பே அதிகம், உள் இணைப்புப் பட்டைகளின் நீளமும் அங்கே கணக்கில் வந்துவிடுகிறது. அந்த அலைவரிசைக்குத் தனி ஆன்டெனா கட்டிவிட்டு டியூனரை பைபாஸில் போடுவது நிம்மதி. தானியங்கி டியூனர் வேண்டுமா என்றால், அடிக்கடி அலைவரிசை மாறுபவர்களுக்கு அது வசதி. ஆனால் அதில் பழுது வந்தால் ரிலேயைத் தேடி பலகையைக் கழற்ற வேண்டியிருக்கும். என் டியூனரில் எது கெட்டாலும் கண்ணுக்குத் தெரிகிறது.

பாதுகாப்பு குறித்து ஒன்று. 'டி' சுற்றில் இரண்டு மின்தேக்கிகளின் சட்டங்களும் தரையோடு இணைந்தவை அல்ல. தண்டுகளிலும் முழு வோல்டேஜ் இருக்கும். கைப்பிடிக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள காப்பு இணைப்பான்தான் விரலுக்கும் ரேடியோ அலைத் தீப்புண்ணுக்கும் இடையே நிற்பது. அதன் திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா, இணைப்பானில் வெடிப்பு உண்டா என்று மூடியைத் திறக்கும்போதெல்லாம் பார்த்துவிட வேண்டும். மூடியைக் கழற்றிய நிலையில் லீனியரை இயக்கவே கூடாது.

பழையதாக ஒன்றை வாங்க நினைப்பவர்கள் மீட்டரையும் வண்ணப்பூச்சையும் பார்த்து மயங்காமல், முதலில் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். சுருளின் குறைந்த இண்டக்டன்ஸ் முனையில் கருகிய புள்ளிகள், மின்தேக்கித் தகடுகளின் ஓரத்தில் குழிகள், பீங்கான் தாங்கிகளில் கரிக்கோடு, பாலன் கம்பியின் உறையில் நிறமாற்றம் ஆகியவற்றைத் தேடுங்கள். தகட்டுக் குழிகளைச் சரிசெய்துவிடலாம். பாலனை மாற்றிக்கொள்ளலாம். பீங்கானில் கரிக்கோடு இருந்தால் அதன் வழியே ஆர்க் திரும்பத் திரும்ப ஓடும், மாற்றுப் பாகம் கிடைப்பதும் அரிது. கடைசியாக ரோலரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். நடுவில் எங்காவது இறுகினால் தண்டு வளைந்திருக்கக்கூடும். அப்படிப்பட்டதை எந்த விலைக்கும் நான் எடுக்க மாட்டேன்.