எம்.டி.யா, எம்.இ.எம்.மா? அவசர சிகிச்சை மருத்துவரின் பட்டங்களும் பணியிடமும்

தனியார் மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் உள்ள பெயர்ப்பலகைகளில், மருத்துவரின் பெயருக்குப் பின்னால் எம்.டி., டி.என்.பி., எம்.இ.எம்., எம்.ஆர்.சி.இ.எம். என்று ஒன்றோ இரண்டோ, எல்லாம் ஒரே அளவு எழுத்தில் எழுதப்பட்டிருக்கும். ஆனால் அவற்றின் எடை ஒன்றல்ல. பணியில் சேர வரும் மருத்துவர்களின் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் மேசையில் சில ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்ற முறையில், இந்த நான்கையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

அவசர மருத்துவத்தைத் தனித்துறையாக இந்திய மருத்துவ கவுன்சில் ஏற்றுக்கொண்டது 2009இல்தான். அதுவரை பெரும்பாலான இடங்களில் ‘கேஷுவாலிட்டி’ என்பது வேறு துறைகளின் மருத்துவர்கள் முறைவைத்து வந்து உட்காரும் அறையாகவே இருந்தது. இத்துறையின் முதுநிலைப் பட்டமான எம்.டி. படிப்பை மருத்துவக் கல்லூரிகள் நடத்துகின்றன. 2013இல் தேசியத் தேர்வு வாரியம் தன் முதுநிலைப் பட்டமான டி.என்.பி.யை இத்துறையிலும் தொடங்கியது. இரண்டுக்கும் நீட் முதுநிலைத் தேர்வு, மூன்றாண்டுப் பயிற்சி, ஆய்வேடு ஆகியவை பொது; சட்டத்தின் கண்ணிலும் இரண்டும் நிகரானவையே. வேறுபாடு பயின்ற இடத்தைப் பொறுத்தது. அரசுக் கல்லூரியில் எம்.டி. முடித்தவர் பாம்புக்கடி, பூச்சிமருந்து விஷம், இருசக்கர வாகன விபத்து என்று ஓய்வில்லாமல் பார்த்திருப்பார். பெருநகரத் தனியார் மருத்துவமனையில் டி.என்.பி. முடித்தவருக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் பழகியிருக்கும். இவ்விருவரில் ஒருவரைப் பட்டத்தை மட்டும் பார்த்துத் தள்ளிவைக்க எந்தக் காரணமும் இல்லை.

சிக்கல் தொடங்குவது மற்ற இரண்டில்தான். எம்.இ.எம். என்பது பெரிய தனியார் மருத்துவமனைகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு, குறிப்பாக அமெரிக்காவின் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தோடு, இணைந்து நடத்தும் மூன்றாண்டுப் பயிற்சி. அதை, இந்திய மருத்துவ கவுன்சிலின் இடத்துக்கு வந்த தேசிய மருத்துவ ஆணையம் முதுநிலைப் பட்டமாக ஏற்பதில்லை. ஆகவே அதை முடித்தவர், மாநில மருத்துவ கவுன்சில் பதிவேட்டின்படி, இன்னமும் எம்.பி.பி.எஸ். மருத்துவர்தான். துறைக்குரிய சிறப்புத் தகுதி இல்லாத ஒருவர் தன்னை நிபுணர் என்று கூறிக்கொள்ளக்கூடாது என்று 2002ஆம் ஆண்டு மருத்துவ நன்னடத்தை விதிகள் சொல்வதை இங்கே மறந்துவிட முடியாது. மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராகும் வழியும் அவருக்கு அடைபட்டிருக்கிறது. இருந்தும், மூன்றாண்டுகள் இரவும் பகலும் அவசரப் பிரிவிலேயே நின்றவரின் கைத்திறனைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது.

எம்.ஆர்.சி.இ.எம். வேறு வகை. அது பிரிட்டனின் அவசர மருத்துவ ராயல் கல்லூரி நடத்தும் மூன்று கட்டத் தேர்வுகளின் பெயர்; தேர்வேயன்றிப் பயிற்சி அல்ல. பிரிட்டனில் மருத்துவராகப் பதிவு பெற அது உதவும். ஆனால் அங்கே கன்சல்டன்ட் எனப்படும் மூத்த நிபுணர் பதவிக்கு வர, சிறப்பு மருத்துவர் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். லண்டனில் பாதி வழியில் நிற்பவராகக் கருதப்படும் ஒருவர் நம் ஊரில் அதே நான்கைந்து எழுத்துகளை வைத்துக்கொண்டு சீனியர் கன்சல்டன்ட் ஆகிவிடுவது எனக்கு எப்போதுமே வியப்பாக இருந்திருக்கிறது. எம்.டி.யோ டி.என்.பி.யோ முடித்தவர் கூடுதலாக இதையும் எழுதித் தேறியிருந்தால் அது நல்ல அடையாளம். தனியாக நிற்கும்போது அதன் மதிப்பு, அவர் எங்கே யாரிடம் வேலை செய்தார் என்பதைப் பொறுத்தது.

இதயத் துடிப்பு நின்றவரை மீட்கக் கற்றுத்தரும் ஏ.சி.எல்.எஸ்., விபத்தில் காயமுற்றவரைக் காக்கக் கற்றுத்தரும் ஏ.டி.எல்.எஸ். போன்றவை பட்டங்களே அல்ல; சில நாள் பயிற்சிகள். 1976இல் நெப்ராஸ்காவில் தன் குடும்பத்தோடு விமான விபத்தில் சிக்கிய ஓர் எலும்பு அறுவை மருத்துவர், உள்ளூர் மருத்துவமனையில் கிடைத்த சிகிச்சையைக் கண்டு மனம் நொந்ததிலிருந்து பிறந்தது ஏ.டி.எல்.எஸ். பயன் மிக்க பயிற்சி, ஆனால் காலவரையறை உடையது: ஏ.சி.எல்.எஸ். அட்டை இரண்டு ஆண்டுகளும் ஏ.டி.எல்.எஸ். நான்கு ஆண்டுகளும் செல்லும். என் மேசைக்கு வந்த நகல்களில் முதலில் நான் பார்த்தது அட்டையின் கீழ் ஓரத்துத் தேதியைத்தான். காலாவதியானவை குறைவில்லாமல் வந்தன.

பட்டத்துக்கு அடுத்து, அவருக்கும் மருத்துவமனைக்கும் உள்ள தொடர்பு. முழுநேர மருத்துவர், வருகைதரு மருத்துவர் என்ற பிரிவு மற்றத் துறைகளில் பெரிதில்லை. தோல் மருத்துவர் வாரம் இருமுறை வந்தால் போதும். நெஞ்சுவலியோடு வருபவருக்குப் பத்து நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டிய இடத்தில், வீட்டில் இருக்கும் கன்சல்டன்டின் பெயர் பலகையில் இருந்து என்ன பயன்? என் உறவினர் ஒருவரை இரவு இரண்டு மணிக்கு ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது, வாசலில் இரண்டு எம்.டி. பெயர்கள் இருந்தன, உள்ளே, இ.சி.ஜி. தாளைக் கைப்பேசியில் படமெடுத்து யாருக்கோ அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த இளம் எம்.பி.பி.எஸ். மருத்துவர் ஒருவர் மட்டுமே இருந்தார்.

என்.ஏ.பி.எச். தரச்சான்று பெற்ற மருத்துவமனைகள், ஒவ்வொரு மருத்துவரும் எந்தெந்தச் சிகிச்சைகளைச் செய்யலாம் என்று எழுத்தில் அனுமதி வழங்க வேண்டும். மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்துதல், மார்புக் குழாய் பொருத்துதல், மயக்க மருந்து கொடுத்து எலும்பைச் சேர்த்தல் என்று வரிசையாக எழுதி, எதிரே ‘தனித்து’, ‘மேற்பார்வையில்’ என்று குறித்த அந்தத் தாள், என் கணக்கில், எந்தப் பட்டத்தையும்விட அதிகம் சொல்லக்கூடியது. நோயாளிகள் அதைப் பார்ப்பதே இல்லை.

இந்த ஐயங்களுக்கு இடம் தருவதில் அரசுக்கும் பங்குண்டு. மருத்துவக் கல்லூரிகளில் அவசர மருத்துவத் துறை கட்டாயம் என்று 2020இல் விதித்த தேசிய மருத்துவ ஆணையமே, 2023 விதிகளில் அதைக் கட்டாயத் துறைகளின் பட்டியலிலிருந்து நீக்கியது. தமிழ்நாடு அரசு விபத்து, அவசர சிகிச்சைக்கெனத் தனித் திட்டம் வகுத்து, அரசு மருத்துவமனைகளில் நிலைமையின் கடுமைக்கேற்பச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளைப் பிரித்துப் பார்க்கும் முறையைப் பரப்பிய நிலையில் இது பின்னடைவுதான்.

தெரிவு என் கையில் இருந்தால், இரவுப்பணியில் நேரில் நிற்கும் எம்.டி. அல்லது டி.என்.பி. மருத்துவர் முதலில், அவர் இல்லையெனில், ‘தனித்து’ என்ற அனுமதிகள் நிறைந்த எம்.இ.எம். மருத்துவர், பலகையில் மட்டும் இருக்கும் எம்.டி. அதற்கும் பின்னால்தான். எம்.இ.எம். முடித்து வந்த ஒருவரின் விண்ணப்பத்தில் ‘அவசர மருத்துவ நிபுணர்’ என்று தட்டச்சாகியிருந்ததை அடித்துவிட்டு ‘அவசரப் பிரிவு மருத்துவர்’ என்று நானே பேனாவால் திருத்தினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கையெழுத்திட்டுவிட்டு, சிவப்புப் பகுதியிலிருந்து அழைப்பு வரவே எழுந்து ஓடினார்.