பழைய செங்கல் சுவருக்கு வலைப்பட்டையா, இழுகம்பியா?

கும்பகோணம் பக்கத்துச் சுண்ணாம்புச் சாந்து வீடுகளை நிலநடுக்கத்துக்குத் தாங்கவைக்க, ஐஎஸ் 13935 என்ற இந்தியத் தரநெறி காட்டும் வலைப்பட்டை (சுவரில் பட்டையாகப் பதிக்கும் கம்பிவலை) மலிவு. பூச்சைக் கொத்தி, துத்தநாகம் பூசிய வெல்டு மெஷ் கம்பிவலையை அடித்து, சிமெண்ட் கலவை பூசினால் போதும். ஊர்க் கொத்தனாரே செய்வார். ஆனால் டெல்டாவில் அடிச்சுவர் ஈரமேறி உப்புப் பூத்திருக்கும். மூலையில் தரைவரை இறங்கும் பட்டை அந்த ஈரத்தை உள்ளே அடைக்கும், கம்பியும் துருப்பிடிக்கும்.

எதிரெதிர்ச் சுவர்களைக் கோத்து, வெளியே தகடு வைத்து முடுக்கும் இழுகம்பியில் அந்தத் தொல்லை குறைவு. என் ஓட்டு இதற்கே, தகட்டடியில் செங்கல் நொறுங்காது என்றால்.

எதுவானாலும் சோதனை முதலில்! சாந்தை ஆணியால் கீறுங்கள். பொடியாக உதிர்ந்தால் சுவருக்குள் சுண்ணாம்புக் கூழ் செலுத்தாமல் எதையும் தொடாதீர்கள். அடுத்து, சாந்தின் பிடிப்பை அறிய, ஒரு செங்கல்லின் இருபக்கமும் வெட்டி விடுவித்து, ஜாக்கியால் தள்ளி, எந்த விசையில் நழுவுகிறதென்று பொறியாளரை அளக்கச் சொல்லுங்கள்.